4 வயசுக் குழந்தைக்குப் பட்டன் வைத்த குரோஷா கோட்: எத்தனை கண்ணி, எவ்வளவு நூல்?

நூல்கண்டு (வேளச்சேரி)

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசியில் ஊட்டிப் பயணம். பெண் குழந்தை, 4 வயசு. மார்புச் சுற்றளவு 23 அங்குலம், அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை பத்தரை அங்குலம். முன்னால் திறந்து பட்டன் போடுகிற மாதிரி, கழுத்துப் பட்டையோடு ஒரு கோட் குரோஷாவில் போட வேண்டும். மேஜை விரிப்பு, லேஸ் எல்லாம் கைக்கு வரும். உடம்பில் போடும் உருப்படிக்கு இதுதான் முதல் தடவை.

கேள்விகள்: கையில் இருப்பது 'பேபி உல்லன்' என்று விற்கிற 4 பிளை நூல், அது போதுமா? எத்தனை கிராம் வேண்டும்? தனித்தனித் துண்டாகப் போட்டுத் தைப்பதா, மேலிருந்து ஒரே உருப்படியாக இறக்குவதா? குளிர் தாங்க வேண்டும் என்றால் ரொம்ப இறுக்கிப் போட வேண்டுமா?

பெரம்பூர் உல்லன்

நூலை முதலில் பார்ப்போம். 'பேபி உல்லன்' என்று கடையில் சொன்னால் பெரும்பாலும் அது அக்ரிலிக்தான், கம்பளி ஒரு துளி இருக்காது. சந்தேகம் இருந்தால் இரண்டு அங்குல நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். கம்பளி என்றால் முடி கருகுகிற வாசனை வரும், சாம்பல் விரலில் நசுங்கும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறினதும் கெட்டிக் குண்டுமணியாக நிற்கும். பருத்தி காகிதம் மாதிரி எரியும்.

பிளை எண்ணிக்கையை நம்பாதீர்கள். எத்தனை இழை முறுக்கியிருக்கிறது என்றுதான் அது சொல்லும், ஒவ்வொரு இழையும் எவ்வளவு தடிமன் என்று சொல்லாது. லேபிளில் 100 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று பாருங்கள். 400 மீட்டர் பக்கம் இருந்தால் மெலிசு. 220 முதல் 270 வரை இருந்தால் டி.கே. (டபுள் நிட்டிங்) என்கிற நடுத்தர ரகம், குழந்தை கோட்டுக்கு அதுதான் சரி. 160 முதல் 200 என்றால் தடிமன். சீக்கிரம் முடியும், ஆனால் 4 வயசுக் குழந்தை கையை மடக்க முடியாமல் பொம்மை மாதிரி நிற்கும்.

அளவு: டி.கே. நூலில் இந்த சைஸுக்கு 450 முதல் 550 மீட்டர் ஆகும், அதாவது 200 கிராம் சொச்சம். நீங்கள் 300 கிராம் வாங்குங்கள். சாய எண் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு கண்டிலும் பார்த்து வாங்குங்கள். கடை டியூப்லைட்டில் ஒரே நிறமாகத் தெரியும், மொட்டை மாடி வெயிலில் முதுகில் கோடு போட்டது மாதிரி காட்டிக்கொடுக்கும். வேறு எண்தான் கிடைத்தது என்றால் இரண்டு கண்டையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் போடுங்கள்.

மயிலை ஊசி

பேட்டர்ன் ஏதாவது வைத்திருந்தால் முதலில் அது எந்த ஊர்க் கணக்கு என்று பாருங்கள். 'சிங்கிள்' (குட்டையான அடிப்படைக் கண்ணி) என்ற சொல் வந்தால் அமெரிக்கக் கணக்கு. இப்போது வரும் பிரிட்டிஷ் பேட்டர்னில் சிங்கிளே கிடையாது. அவர்கள் டபுள்தான் அமெரிக்க சிங்கிள், அவர்கள் ட்ரெபிள்தான் அமெரிக்க டபுள். இது புரியாமல் போட்டால் கோட்டின் நீளம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், இல்லை பாதியாகும். இந்த விவாதத்தில் எல்லாம் அமெரிக்கக் கணக்கிலேயே பேசுவோம்.

ஊசிக்கும் அதே வம்பு. பழைய பிரிட்டிஷ் எண்ணில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 8 நம்பர் என்றால் 4 மி.மீ. மேஜை விரிப்பு போடுகிற இரும்பு ஊசி இதற்கு ஆகவே ஆகாது. கடையில் நம்பர் சொல்லாமல் மி.மீ. சொல்லிக் கேளுங்கள்: உடலுக்கு 4, பட்டன் வரும் முன் விளிம்புப் பட்டிக்கு 3.5.

துண்டு துண்டாகப் போட வேண்டாம், மேலிருந்து ரேக்லான் (கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாகக் கண்ணி கூட்டிப் போகும் முறை) இறக்குங்கள். தைக்கிற வேலை இல்லை, நடுவில் குழந்தைக்குப் போட்டுப் பார்க்கலாம், அடுத்த வருஷம் நீளம் கூட்டலாம். கண்ணி ஹாஃப் டபுள், அதாவது உயரத்தில் சிங்கிளுக்கும் டபுளுக்கும் நடுவில் நிற்பது. சிங்கிள் போட்டால் துணி விறைக்கும், டபுள் போட்டால் சந்து விழும். கோட்டுக்கு இரண்டுக்கும் நடுவில் நிற்பதே நல்லது.

கணக்கு இதோ. 4 அங்குலத்துக்கு 16 கண்ணி, 12 வரிசை என்று வைத்துக்கொண்டது.

58 சங்கிலி. ஊசியிலிருந்து மூன்றாவது சங்கிலியில் தொடங்கி 56 ஹாஃப் டபுள். அதை இப்படிப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் நடுவில் 1 சங்கிலி விடுங்கள்: முன் 10, கை 8, முதுகு 20, கை 8, முன் 10. அடுத்த வரிசையிலிருந்து ஒவ்வொரு மூலைச் சங்கிலி இடைவெளியிலும் 1 ஹாஃப் டபுள், 1 சங்கிலி, 1 ஹாஃப் டபுள். வரிசைக்கு 8 கண்ணி கூடும். இப்படி 14 வரிசை. முடிவில் முன் 24, கை 36, முதுகு 48, கை 36, முன் 24. மொத்தம் 168. எண்ணிக்கை இதில் ஒன்று குறைந்தாலும் மேலே போகாதீர்கள்.

பிறகு கைகளைத் தனியே விட்டு, முன் 24, அக்குளுக்கு 4 சங்கிலி, முதுகு 48, மறுபடி 4 சங்கிலி, முன் 24: உடலுக்கு 104. அதாவது 26 அங்குலம். ஒன்றேகால் அங்குலப் பட்டி ஒன்றன் மேல் ஒன்று படியும்போது 27 சொச்சம். 23 மார்புக்கு 4 அங்குலம் லூசு. உள்ளே ஒரு முழுக்கைச் சட்டையும் தெர்மலும் போட இந்த இடம் வேண்டும். அக்குளுக்குக் கீழே 27 வரிசை, 9 அங்குலம். கோட் மாதிரி இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டுமானால் 36 வரிசை.

கண்ணி எண்ணி

மயிலை அக்கா கணக்கு சரி. ஆனால் அது 16க்கு 12 வந்தால்தான் சரி. லேஸ் போட்டுப் பழகிய கை இறுக்கும். இந்த விவாதத்தில் நான் அடித்துச் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்: மாதிரித் துண்டு போடாமல் கோட் தொடங்காதீர்கள். 26 சங்கிலி போட்டு, ஆறு அங்குல உயரத்துக்கு ஹாஃப் டபுள். துவைத்து, காய வைத்து, நடு நாலு அங்குலத்தை மட்டும் எண்ணுங்கள். ஓரத்துக் கண்ணி எப்போதும் பொய் சொல்லும்.

அந்தத் துண்டை எடை போட்டால் இன்னொரு லாபம். 6க்கு 6 துண்டு 36 சதுர அங்குலம். இந்தக் கோட் முழுக்க ஏறக்குறைய 620 சதுர அங்குலம், துண்டைப் போல் 17 மடங்கு. துண்டு 11 கிராம் என்றால் கோட்டுக்கு 190 கிராம். சமையல் தராசு போதும்.

நூல்கண்டு (வேளச்சேரி)

துண்டு போட்டுத் துவைத்துப் பார்த்தேன். டி.கே. நூல், 4 மி.மீ. ஊசி. நாலு அங்குலத்துக்கு 18 கண்ணி, 14 வரிசை. இரண்டு கண்ணிதானே அதிகம், அப்படியே போடலாமா?

கண்ணி எண்ணி

கூடாது. 104 கண்ணியை நாலரையால் வகுங்கள், 23 அங்குலம். பட்டியைச் சேர்த்தாலும் 24 சொச்சம். குழந்தையின் மார்பே 23. யோக், அதாவது கழுத்திலிருந்து அக்குள் வரை உள்ள பகுதி (முதல் வரிசையும் கூட்டிய 14ம்), 15 வரிசையும் 5 அங்குலத்துக்குப் பதில் நாலேகாலில் நிற்கும், அக்குள் பிடிக்கும். இரண்டு கண்ணி என்பது நாலு அங்குலத்துக்கு; உடம்பைச் சுற்றி வரும்போது அது மூன்று அங்குலம்.

ஊசியை 4.5 ஆக்குங்கள். அப்போதும் 17 வந்தால் 5. ஊசி எண்ணுக்கு மரியாதை தேவையில்லை, துண்டு என்ன சொல்கிறதோ அதுதான். 'இனிமே லூசாப் போடறேன்' என்று கையை மட்டும் மாற்றாதீர்கள். பத்து வரிசையில் கை பழைய இறுக்கத்துக்குத் திரும்பிவிடும், யோக் அகலமும் உடல் குறுகலுமாக வரும்.

காஜா மாஸ்டர் (பாரிமுனை)

குளிர் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், தொட்டபெட்டா 2,637. டிசம்பர், ஜனவரியில் அங்கே உறைபனி விழும். நம்ம ஊர் மார்கழிக் குளிர் 20 டிகிரியோடு நின்றுவிடும். குரோஷா துணி எவ்வளவு இறுக்கினாலும் காற்று புகும். அதனால் லைனிங் கொடுங்க. அக்ரிலிக் கோட்டுக்குப் பருத்தி ஃபிளானல் போதும், அரை மீட்டருக்கு மேல ஆகாது.

மயிலை ஊசி

மாஸ்டர், லைனிங் வைத்தால் கோட் கனக்கும், துணியின் இழுவை போய்விடும். சூடு தருவது நூலுக்குள் அடைபட்டு நிற்கிற காற்று. அதனால்தான் இறுக்கிப் போட வேண்டாம் என்கிறேன். இறுக்கினால் காற்று நிற்க இடமே இல்லை, அட்டை மாதிரி ஆகும், குளிரும் போகாது. காற்று வீசுகிற இடத்துக்கு மேலே ஒரு விண்ட்சீட்டர் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

காஜா மாஸ்டர் (பாரிமுனை)

விண்ட்சீட்டர் போட்டா நீங்க பின்னின அழகு யாருக்கும்மா தெரியும்! இழுவை போகும் என்பது உண்மை. ஆனா இது முன்னால திறக்கிற உடுப்பு, தலை நுழைய வேண்டியதில்லை, அதனால இழுவை கொஞ்சம் போனா மோசமில்லை.

செய்யறவங்களுக்கு: ஃபிளானலை ஒரு ராத்திரி தண்ணியில ஊறப்போட்டுக் காய வெச்சு இஸ்திரி போட்ட பிறகு வெட்டுங்க, இல்லாட்டி முதல் துவைப்பில் உள்ளே சுருங்கி கோட்டைப் பலூன் ஆக்கிடும். உடலுக்கு மட்டும் போதும். முதுகு நடுவில் ஒரு அங்குலம் கூடுதலா வெட்டி மடிப்பு வைங்க, குழந்தை கையை முன்னால நீட்டும்போது அந்த மடிப்பு திறந்து கொடுக்கும். கழுத்து, பட்டி, அக்குள் மூணு இடத்தில் கையால் எம்மிங். கீழ் விளிம்பைக் கோட்டோட சேர்க்காதீங்க. குரோஷா துணி தொங்கத் தொங்க இறங்கும், லைனிங் இறங்காது. சேர்த்துட்டா கீழே சுருக்கு விழும். லைனிங் விளிம்பை அரை அங்குலம் மேலேயே மடிச்சு விட்டுடுங்க. கைக்கும் வேணும்னா ஃபிளானல் வேண்டாம், சாட்டின். ஃபிளானல் உள்சட்டையைப் பிடிச்சுக்கும், கை நுழையாது.

நூல்கண்டு (வேளச்சேரி)

4.5 ஊசியில் 16க்கு 12 வந்துவிட்டது. யோக் முடித்தாயிற்று, 168 சரி. ஆனால் இரண்டு சந்தேகம். முன் விளிம்பு நேராக இல்லாமல் ரம்பப் பல் மாதிரி இருக்கிறது. முன்கழுத்து தொண்டையை இடிக்கும் போலத் தெரிகிறது.

கண்ணி எண்ணி

ரம்பப் பல் திரும்பும் சங்கிலியால் வருவது. ஹாஃப் டபுளுக்கு 2 சங்கிலி போட்டுத் திரும்பி அதைக் கண்ணியாக எண்ணாமல் விட்டால் ஓரத்தில் புடைக்கும். 1 சங்கிலி மட்டும் போட்டு, முதல் கண்ணியிலேயே ஹாஃப் டபுள் போடுங்கள். இதுவரை போட்டதைப் பிரிக்க வேண்டாம், பட்டி அதை மூடும். விளிம்பு பல்லாக இல்லாமல் சரிந்துகொண்டே போனால் வேறு நோய்: வரிசையின் கடைசிக் கண்ணியை விட்டுவிடுகிறீர்கள். ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியிலும் ஒரு ஊக்கு மாட்டுங்கள். திரும்பி வரும்போது ஊக்கு இருக்கும் கண்ணிதான் கடைசி.

மயிலை ஊசி

கழுத்து இடிப்பது இந்த முறையில் எல்லாருக்கும் வரும், ஏனென்றால் முன்னும் பின்னும் ஒரே உயரத்தில் தொடங்குகிறோம். உடம்பிலோ பின்கழுத்து மேலே, முன்கழுத்து கீழே. கழுத்துப் பட்டை போடும் முன் பின்கழுத்தை மட்டும் ஏற்றுங்கள். முதுகின் 20 கண்ணியும் இரண்டு பக்கமும் கையில் 4 கண்ணியும் சேர்த்து 28 சிங்கிள், திரும்பி இரண்டு ஓரத்திலும் 4 விட்டு நடு 20 மட்டும் சிங்கிள். கோட் தானாகவே முன்னால் இறங்கி உட்காரும்.

கைக்கு: யோக்கில் விட்ட 36, அக்குள் சங்கிலியில் 4, மொத்தம் 40. அக்குளின் இரண்டு முனையிலும் ஓட்டை தெரியும். அங்கே ஒவ்வொரு கண்ணி கூடுதலாக எடுத்து 42 ஆக்கி, அடுத்த சுற்றில் அந்த இரண்டையும் குறைத்து 40க்கு வந்துவிடுங்கள். 5ஆம் சுற்றிலிருந்து ஐந்து சுற்றுக்கு ஒரு தடவை, அக்குள் கோட்டில் 2 கண்ணி குறைப்பு, ஐந்து தடவை. 30 மிஞ்சும். மொத்தம் 27 சுற்று.

முக்கியம்: ஒவ்வொரு சுற்றும் ஸ்லிப் ஸ்டிச்சில் (உயரம் கூட்டாமல் இணைக்க மட்டும் போடும் கண்ணி) மூடி, திரும்பிப் போடுங்கள். திரும்பாமல் ஒரே பக்கமாகச் சுற்றினால் கையின் தையல் கோடு அக்குளில் ஆரம்பித்து மணிக்கட்டின் மேல்பக்கம் வந்து நிற்கும், உடலின் துணிக்கும் கையின் துணிக்கும் முகமே வேறாகத் தெரியும்.

மணிக்கட்டுப் பட்டை: 7 சங்கிலி, திரும்பி 6 சிங்கிள், கண்ணித் தலையின் இரண்டு இழையில் பின்னிழையில் மட்டும். ஒரு பட்டை வரிசைக்குக் கையில் ஒரு கண்ணி என்ற கணக்கில் ஸ்லிப் ஸ்டிச்சால் இணைத்துக்கொண்டே போனால் 30 வரிசையில் ஒரு சுற்று. ஏழரை அங்குலக் கை, பட்டையில் ஏறக்குறைய 6க்கு வந்து பிடிக்கும். கீழ் விளிம்புக்கு இந்த ரிப் (இழுபடும் வரிப் பட்டை) வேண்டாம். கோட் இடுப்பில் கவ்வக் கூடாது. ஒரு வரிசை சிங்கிள் போதும்.

காஜா மாஸ்டர் (பாரிமுனை)

பட்டி என் பேட்டை, நான் சொல்றேன். நல்லாப் பின்னின கோட்டைக் கெடுக்கறது பட்டிதான்.

வரிசை ஓரத்தில் கண்ணி எடுக்கும்போது 3 வரிசைக்கு 4 சிங்கிள். யோக் 15, உடல் 27, ஆக 42 வரிசைக்கு 56 சிங்கிள். வரிசைக்கு இரண்டுன்னு எடுத்தா பட்டி அப்பளம் மாதிரி அலை அலையா நெளியும். வரிசைக்கு ஒண்ணுன்னு எடுத்தா கீழ் முனை ரெண்டும் மேலே தூக்கிக்கும். உங்க கைக்கு இந்த இடத்தில் ஒரு சைஸ் சின்ன ஊசி, அதாவது 4. லேசா உள்ளே இழுத்துப் பிடிக்கும், அதுதான் வேணும்.

முதல்ல காஜா இல்லாத பட்டியை 5 வரிசை முடிங்க. பட்டன் வர்ற இடத்தில் ஊக்கு குத்திப் பாருங்க. பிறகு எதிர்ப்பட்டி. அதில் 3ஆவது வரிசையில் காஜா: 3 சிங்கிள், 2 சங்கிலி போட்டு 2 கண்ணி தாண்டு, 10 சிங்கிள், மறுபடி 2 தாண்டு, இப்படி அஞ்சு காஜா, கடைசியில் 3 சிங்கிள். கூட்டிப் பாருங்க, 56. அடுத்த வரிசையில் சங்கிலி இடைவெளிக்குள்ள 2 சிங்கிள். பெண் குழந்தைக்குக் காஜா வலப்பக்கம், பையனுக்கு இடப்பக்கம். வலம் இடம் என்பது உடுத்தறவங்க கணக்கு, எதிரே நிக்கறவங்க கணக்கு இல்லை.

பட்டன் 24 லைன், அதாவது 15 மி.மீ. பட்டன் அளவில் 40 லைன் ஒரு அங்குலம். 2 கண்ணி காஜா அரை அங்குலம், அது இழுபட்டு 15 மி.மீ. பட்டனை விடும், தானா அவிழாது. பாரிமுனை, சவுகார்பேட்டை மொத்தக் கடைகளில் டஜன் கணக்கில் கிடைக்கும். இரும்பு பட்டன் வேண்டாம், கடல் காத்துக்கும் வியர்வைக்கும் துரு ஏறி வெள்ளை நூலில் கறை விடும். கொட்டாங்குச்சி பட்டன் அழகு, ஆனா ஊறப்போட்டுத் துவைக்கிற துணிக்கு ஆகாது. நாலு ஓட்டை பிளாஸ்டிக் பட்டனே போதும்.

உல்லன் நூலால் பட்டன் தைக்காதீங்க, தேய்ஞ்சு அறுந்துடும். பாலியெஸ்டர் தையல் நூல் ரெட்டையா. பட்டனுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி வெச்சுத் தைச்சு, குச்சியை உருவி, அந்த இடைவெளியில் நூலை நாலு சுத்து சுத்துங்க. பட்டனுக்குக் கழுத்து எழும்பி நிக்கும், தடிச்ச பட்டிக்கு அது வேணும். துணிக்குப் பின்னால ஒரு சின்னப் பட்டனைச் சேர்த்துத் தைச்சா குழந்தை பிடிச்சு இழுத்தாலும் கண்ணி கிழியாது.

பெரம்பூர் உல்லன்

பட்டனுக்கு ஒன்று சேர்க்கிறேன். 3 வயசுக்குக் கீழே தம்பியோ தங்கையோ வீட்டில் இருந்தால் மாதம் ஒருமுறை ஒவ்வொரு பட்டனையும் இழுத்துப் பாருங்கள். அவிழ்ந்தது நேரே வாய்க்குப் போகும்.

முடித்த பிறகு அக்ரிலிக்கில் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது. ஆவியை ஒரு அங்குலம் தள்ளிக் காட்டுங்கள், படியும். தொட்டுவிட்டால் இழை உருகித் துணி தளர்ந்து பளபளக்கும், அது திரும்பவே திரும்பாது. கம்பளி என்றால் தண்ணீரில் நனைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, அளவுக்கு விரித்து ஊக்கு குத்திக் காய வைக்க வேண்டும்.

நூல்கண்டு (வேளச்சேரி)

மாஸ்டர், பட்டி படிந்துவிட்டது! கழுத்துப் பட்டைக்குப் பதில் தொப்பி வைத்து, கயிறு கோத்து முன்னால் குஞ்சம் கட்டலாமா? இங்கே மழையும் விட்டபாடில்லை, துவைத்தால் காயுமா?

மயிலை ஊசி

தொப்பி வைக்கலாம். கழுத்தின் 56 கண்ணியில் எடுத்து, முதல் வரிசையிலேயே முதுகுப் பக்கம் 12 கூட்டி 68 ஆக்கி, 8 அங்குலம் நேராகப் போட்டு, உச்சியை மடித்து இணைத்துவிடுங்கள். இதற்கு இன்னும் 50 கிராம் போகும். கயிறும் குஞ்சமும் வேண்டாம். சறுக்குமரத்தில், கதவில், வண்டியில் மாட்டினால் கழுத்தை இறுக்கும். ஐரோப்பாவில் 7 வயசுக்குட்பட்ட குழந்தைகளின் உடுப்பில் தொப்பியிலும் கழுத்திலும் கயிறு வைக்கவே தரநிலை தடை போட்டிருக்கிறது. தொப்பி விழாமல் இருக்க மேல் பட்டனே பிடித்துக்கொள்ளும்.

பெரம்பூர் உல்லன்

கொடியில் தொங்கவிடாதீர்கள். நனைந்த கனத்தில் கை முழங்கால் வரை நீளும். துண்டில் சுருட்டி ஏறி மிதித்து ஈரத்தை எடுத்து, கயிற்றுக் கட்டிலில் இன்னொரு துண்டு விரித்துப் போட்டு, மின்விசிறிக்குக் கீழே. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் இரண்டு நாள் ஆகும், நடுவில் திருப்பிப் போடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசு மட்டுமாவது மெட்ரோ தண்ணீரில்.

பயணம் முடிந்து எடுத்து வைக்கும்போது பாச்சா உருண்டை வேண்டாம், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதிலுள்ள நாஃப்தலின் ரத்த அணுக்களை உடைக்கும். அக்ரிலிக்கைப் பூச்சி தின்னாது. அழுக்கு போகத் துவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பருத்திப் பையில் கட்டி வைத்தால் போதும். மிச்ச நூல் 50 கிராமையும் லேபிளோடு அதே பையில் போடுங்கள். அடுத்த வருஷம் கீழ் விளிம்பின் ஒரு வரிசையைப் பிரித்து 6 வரிசை இறக்கினால் 2 அங்குலம் கிடைக்கும்.

காஜா மாஸ்டர் (பாரிமுனை)

இறக்கினா பட்டியையும் கீழே 8 சிங்கிள் நீட்டணும். மறந்துடாதீங்க.